மின்னஞ்சலும் பாமினியும்

டீ, இஸட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி.

அன்பான நேயர்களே, இப்போது நான் உங்களுக்குச் சொன்னது வணக்கம். உங்கள் வானொலி பழுதாகவில்லை. பாமினி எழுத்தில் வணக்கம் என்று டைப் பண்ணி அனுப்பிய மடலை, அந்த எழுத்து இல்லாத கைத்தொலைபேசியில் திறந்தால் இப்படித்தான் தெரியும். அஸ்ஸலாமு அலைக்கும் என்பது இன்னும் நீளம். அதை எழுத்தெழுத்தாக வாசித்து உங்கள் பொறுமையைச் சோதிக்காமல் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்: அஸ்ஸலாமு அலைக்கும்.

கல்முனையில் டைப்செட்டிங் கடை வைத்திருக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இப்படி ஒரு மடலைக் கைத்தொலைபேசியில் காட்டி, "இதென்ன தம்பி, வைரஸ் அடிச்சிட்டா?" என்று கேட்டு வருகிறவர்களை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை. மடலுக்குள் தமிழை எங்கே வைத்தார்கள் என்பதுதான் விஷயம். அதைத்தான் இன்றைக்குக் கதைக்கப் போகிறேன்.

மின்னஞ்சல் எழுதும்போது எழுத்தைத் தடிப்பாக்குகிறோம், சிவப்பு நிறம் போடுகிறோம், கந்தோரின் லோகோவை அடியில் ஒட்டுகிறோம், விலைப்பட்டியலைக் கட்டம் போட்டு அனுப்புகிறோம். இதற்கெல்லாம் பின்னால் இருப்பது எச்டிஎம்எல் என்ற குறிமொழி. இணையப் பக்கங்களைக் கட்டுவதும் அதே குறிமொழிதான். அது இல்லாமலும் மடல் அனுப்பலாம். அப்போது போவது வெறும் எழுத்து மட்டும். நிறமில்லை, படமில்லை, இந்தப் பொன்ட்டில் காட்டு என்ற கட்டளையும் இல்லை. இரண்டில் எது நல்லது என்று கணனிக்காரர்கள் 1990களிலிருந்தே சண்டை பிடிக்கிறார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை எழுதுகிறவர்கள் தங்கள் பொது மடற்குழுவுக்கு எச்டிஎம்எல் மடல் வந்தால் இன்றைக்கும் ஏற்பதில்லை, திருப்பி விடுவார்கள். மறுபக்கம், கடைகளும் வங்கிகளும் விமான நிறுவனங்களும் அனுப்புகிற மடல் முழுக்க எச்டிஎம்எல்தான். ஆனால் அந்தச் சண்டை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் சண்டை. நிறம் போனாலும் கட்டம் போனாலும் அவர்களுக்கு எழுத்து மிஞ்சும். எங்களுக்குப் பல வருஷம் அந்த எழுத்தே மிஞ்சவில்லை.

ஏன் என்று விளங்க கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1971இல் ரே டொம்லின்சன் என்ற அமெரிக்கர் ஒரு கணனியிலிருந்து இன்னொரு கணனிக்கு முதல் மடலை அனுப்பினார். 1982இல் மடல் போக்குவரத்துக்கு ஒழுங்கான விதிகள் எழுதப்பட்டன. அந்த விதிகளில் எழுத்துக்கென்று இருந்தவை 128 இடங்கள்தான். ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இலக்கம், சில குறிகள், கண்ணுக்குத் தெரியாத கட்டளைகள் எல்லாம் அதற்குள். எங்கள் 247 எழுத்து அங்கே எங்கே இருப்பது?

ஆகவே தமிழர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் எழுத்தின் படத்தை வைத்தார்கள். கணனிக்குத் தெரிந்தது 'டீ' என்ற ஆங்கில எழுத்து. திரையில் கண்ணுக்குத் தெரிந்தது 'வ'. 'இஸட்' அடித்தால் 'ண'. புள்ளி வைக்க வேண்டுமென்றால் அரைப்புள்ளி. இலங்கையில் இந்த வகையில் ஊரெல்லாம் பரவியது பாமினி. தட்டச்சு மெஷினில் பழகிய விரல்களுக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. பெரும்பாலும் ஆங்கில இடங்களுக்குள்ளேயே இருந்ததால், பழைய மடல் வழியிலும் சேதாரம் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. அந்தக் காலத்துக்கு அது கெட்டித்தனமான வேலை என்றுதான் நான் சொல்லுவேன்.

சிக்கல் ஆங்கிலமும் தமிழும் ஒரே மடலில் கலக்கும்போது வந்தது. எங்கள் ஊர் மடலில் ஆங்கிலம் கலக்காமல் இருக்குமா? மின்னஞ்சல் முகவரி இருக்கும், கம்பனிப் பெயர் இருக்கும், பாஸ்போர்ட் இலக்கம் இருக்கும். மடல் முழுக்கப் பாமினியில் காட்டினால் ஜிமெயில் என்ற ஆங்கிலச் சொல் 'பஅயடை' என்று தெரியும். நேயர்களில் பாமினி அடிக்கத் தெரிந்தவர்கள் இப்போது சிரித்திருப்பீர்கள். ஆகவே இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை பாமினி, இதற்குப் பிறகு ஏரியல் என்ற ஆங்கில எழுத்து, மறுபடியும் பாமினி என்று கணனிக்குச் சொல்ல ஏதோ ஒன்று தேவைப்பட்டது. அதைச் சொன்னது எச்டிஎம்எல்.

1992இல் நதேனியல் போரென்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற இருவர் மைம் என்ற ஏற்பாட்டை எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் ஒரே மடலுக்குள் படம், ஒலி, அலங்கார எழுத்து எல்லாவற்றையும் முறையாக வைக்க முடிந்தது. 1996இல் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் தொடங்கிய ஹொட்மெயில் வந்ததும் மடல் இணையப் பக்கத்துக்குள்ளேயே வந்துவிட்டது. உலகத்தில் மற்றவர்கள் எச்டிஎம்எல்லை அழகுக்குப் பாவித்தார்கள். பாமினியில் எழுதிய நாங்கள் மொழிக்கே பாவித்தோம். அலங்காரம் கழன்றால் அவர்களுக்கு அழகு போகும், எங்களுக்குக் கடிதமே போகும்.

கழன்று விழ வழிகளும் நிறைய. எச்டிஎம்எல் மடலோடு போவது பொன்ட்டின் பெயர்தான், பொன்ட் அல்ல. பெறுகிறவரின் கணனியில் பாமினி இல்லாவிட்டால் கதை முடிந்தது. மருதமுனையிலிருந்து ஒரு உம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு எழுதுவித்த மடலை, கட்டாரில் வேலை செய்கிற மகன் கம்பனிக் கணனியில் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே யார் பாமினியைப் போட்டு வைத்திருப்பார்கள்? கொப்பி பண்ணி வேறொரு பெட்டியில் ஒட்டினாலும் பொன்ட் கழன்றுவிடும். பதில் எழுதுகிறவரின் மென்பொருள் வெறும் எழுத்தில் பதில் போட்டால், மேற்கோளாக வருகிற உங்கள் கடிதம் டீயும் இஸட்டுமாய் நிற்கும்.

வெளிநாட்டுத் தமிழர்கள் இதை முதலிலேயே உணர்ந்தார்கள். 1990களின் பின்பாதியில் மலேசியாவின் முத்து நெடுமாறன், சுவிற்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் போன்றவர்கள் மடற்குழுக்களில் கூடி டிஸ்கி என்ற குறியாக்கத்தை உருவாக்கினார்கள். அதில் ஆங்கிலம் தன் பழைய இடத்திலேயே இருந்தது. தமிழ் அதற்கு மேலே உள்ள 128 இடங்களில் ஏறி உட்கார்ந்தது. ஒரே பொன்ட்டில் இரண்டு மொழியும் தெரிந்ததால் வெறும் எழுத்து மடலிலேயே கலந்து எழுதலாம், எச்டிஎம்எல் வேண்டியதில்லை. பிறகு யுனிகோட் பரவியது. அதில் தமிழ் எழுத்துகளுக்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 'வ' என்றால் உலகத்தின் எந்தக் கணனிக்கும் அது 'வ'தான். விண்டோஸ் 2000இல் லதா என்ற யுனிகோட் தமிழ் எழுத்துரு கூடவே வந்தது. இலங்கையிலும் 2008இல் எஸ்எல்எஸ் 1326 என்ற தரம் யுனிகோடை ஒட்டியே தமிழுக்கு வந்தது.

மருதமுனைக் கைத்தறிக்காரருக்கு இதை ஒரு வார்த்தையில் விளக்கலாம். தறியில் நூலோடு சேர்த்து நெய்த பூவும் இருக்கிறது, நெய்த துணிக்கு மேல் அச்சடித்த பூவும் இருக்கிறது. யுனிகோடில் எழுதிய தமிழ் முதலாவது வகை. பாமினியில் எழுதி எச்டிஎம்எல்லால் காட்டுவது இரண்டாவது.

அப்படியென்றால் பாமினி ஏன் இன்னும் சாகவில்லை? சோம்பல் என்று சொல்லுகிறவர்களை நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன். அச்சகங்களில் பல வருஷம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்தார்கள். அதன் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. யுனிகோட் தமிழை அதற்குக் கையாளத் தெரியாது. கலியாணக் கார்ட், பாடசாலை மலர், பள்ளிவாசல் நோட்டீஸ் எல்லாம் பாமினியில் இருந்தால்தான் அச்சுக்குப் போக முடிந்தது. அதே கணனியில், அதே ஆள், அதே விசைப்பலகையில் மடலும் எழுதினார். பழக்கம் அப்படி வந்தது.

இனி எச்டிஎம்எல்லின் பக்கமும் கொஞ்சம் கதைப்போம். அதைத் திட்டிவிட்டு மட்டும் போனால் அநியாயம். யுனிகோடில் எழுதுகிற தமிழனுக்கும் சில இடங்களில் ஆங்கிலக்காரனை விட எச்டிஎம்எல் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

விலைப்பட்டியலை எடுங்கள். சாரம், சேலை, கைக்குட்டை, அளவு, விலை என்று நிரல் நிரலாக அடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் உள்ள பொன்ட்டில், இடைவெளி விட்டு விட்டே நிரலை ஒழுங்காக நிறுத்துவார்கள். தமிழில் அது நடக்காது. 'ர' எவ்வளவு, 'ணௌ' எவ்வளவு? எத்தனை தடவை ஸ்பேஸ் தட்டினாலும் ஒரு வரி உள்ளே போகும், ஒரு வரி வெளியே வரும். உங்கள் திரையில் நேராக நின்றது அவருடைய கைத்தொலைபேசியில் கோணலாகும். கொழும்பில் இருக்கிற வியாபாரி பத்தாவது சேலையின் விலையை ஒன்பதாவது சேலைக்கு வாசித்தால் நட்டம் யாருக்கு? இங்கே எச்டிஎம்எல் அட்டவணைதான் சரி. கட்டத்துக்குள் இருக்கிற விலை கட்டத்தை விட்டு நகராது.

அடுத்தது அரபு. எங்கள் பகுதியில் கடிதத்தின் தலையில் பிஸ்மில்லாஹ்வை அரபியில் எழுதுகிறவர்கள் அதிகம். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அரபு மொழிக்குமென்று ஒரு பீடம் இருக்கிறது, மதரசாக்களும் நிறைய. அரபு வலமிருந்து இடம், தமிழ் இடமிருந்து வலம். இரண்டும் ஒரே வரியில் வந்தால் அடைப்புக்குறியும் முற்றுப்புள்ளியும் குழம்பி, வரியின் தப்பான முனைக்குத் தாவிவிடும். ஒரு ஆயத்தின் எண்ணை அடைப்புக்குள் போட்டுப் பாருங்கள், விளங்கும். எச்டிஎம்எல்லில் இந்தப் பந்தி வலமிருந்து இடம் என்று தெளிவாகச் சொல்லலாம். சில மடல் சேவைகளில் எழுதும் பெட்டியிலேயே அதற்கொரு பொத்தான் இருக்கிறது. ஆயத்தைப் படமாக ஒட்டுவதை விட இது மேல், ஏனென்றால் படத்தில் இருப்பதைத் தேட முடியாது, கொப்பி பண்ணவும் முடியாது.

தடிப்பு எழுத்து விஷயத்தில் நான் கொஞ்சம் கஞ்சன். ஆங்கில மடலில் ஒரு சொல்லைத் தடிப்பாக்கினால் எடுப்பாக நிற்கும். தமிழ் எழுத்தில் சுழி அதிகம். சின்ன அளவில் தடிப்பாக்கினால் 'ண'வும் 'ன'வும் அடைபட்டு ஒரே மை மாதிரித் தெரியும். திகதியையும் நேரத்தையும் தடிப்பாக்குங்கள், போதும். "கூட்டம் வெள்ளிக்கிழமைதான்" என்று எழுதுகிறவருக்குச் சிவப்பு நிறம் எதற்கு?

இனி, பார்வை இல்லாதவர்கள் பற்றி. இந்த நிகழ்ச்சியைக் கேட்பவர்களிலும் அவர்கள் இருப்பார்கள். என்விடிஏ என்ற இலவச மென்பொருள் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும், தமிழும் வாசிக்கும். எச்டிஎம்எல் மடலில் தலைப்புகளைத் தலைப்பு என்றே குறித்திருந்தால், ஒரு விசையைத் தட்டித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம். நீளமான சுற்றறிக்கையில் அது பெரிய உதவி. ஆனால் தலைப்பு என்று குறிக்காமல் வெறுமனே எழுத்தைப் பெரிசாக்கித் தடிப்பாக்கினால் அந்த உதவி கிடையாது. சுற்றறிக்கையை ஸ்கேன் பண்ணிப் படமாக ஒட்டினால் இன்னும் மோசம்: "படம்" என்ற ஒரு சொல்லோடு மென்பொருள் நின்றுவிடும். பாமினி மடல் வந்தால் என்ன ஆகும் என்பதை நான் ஆரம்பத்தில் வாசித்துக் காட்டிவிட்டேன். பீடிஎஃப் ஆக்கினால் சரி என்று சிலர் நினைக்கிறார்கள். கண்ணுக்குச் சரி, ஏனென்றால் பொன்ட்டும் கூடவே போகும். காதுக்குச் சரியில்லை. உள்ளே இருப்பது அதே டீயும் இஸட்டும்தான்.

அழகாக வடிவமைத்த மடல் எல்லா இடத்திலும் அழகாகத் தெரியாது என்பதும் அனுப்புகிறவர்கள் மறந்துவிடுகிற ஒன்று. மைக்ரோசொஃப்ட் தன் மடல் மென்பொருளான அவுட்லுக்கின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பில், மடலைக் காட்டுகிற வேலையை இணைய உலாவியிடமிருந்து எடுத்து வேர்ட்டிடம் கொடுத்தது. வடிவமைப்பாளர்கள் அதற்காகத் திட்டாத நாளில்லை. ஜிமெயில் 102 கிலோபைட்டுக்கு மேல் எச்டிஎம்எல் போனால் மடலை நடுவில் வெட்டி, மிச்சத்தைப் பார்க்க இங்கே அழுத்து என்று சொல்லிவிடும். யுனிகோட் தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட் பிடிக்கும், ஆங்கிலத்தில் ஒன்று. ஆகவே அதே நீளமான தமிழ் மடல் வெட்டுவாயை முதலில் எட்டும். அதற்காகப் பயப்படவும் வேண்டாம்: ஆயிரம் சொல் உள்ள தமிழ்க் கடிதம் ஏறக்குறைய 30 கிலோபைட்தான். வெட்டு விழுவது பெரும்பாலும் வேர்ட்டிலிருந்து கொப்பி பண்ணி ஒட்டும்போது கூடவே வருகிற கண்ணுக்குத் தெரியாத குறிகளால். டேட்டாவைத் தின்பது அதுவும் இல்லை, படங்கள். கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு படம் அந்தக் கடிதத்தைப் போல நூறு மடங்கு கனம். வாசலில் தொங்கவிடுகிற பேனர் மாதிரி ஒரு லோகோவை ஒவ்வொரு பதிலிலும் ஒட்டுகிற கந்தோர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

கடைசியாகப் பயப்பட வேண்டிய இடம். எச்டிஎம்எல் மடலில் கண்ணுக்குத் தெரிகிற சொல் வேறு, அதற்கடியில் இருக்கிற இணைப்பு வேறாக இருக்கலாம். மேலே ஒரு வங்கியின் முகவரி நீல நிறத்தில் இருக்கும். அழுத்தினால் போவது திருடனின் பக்கத்துக்கு. வெறும் எழுத்து மடலில் இந்த வித்தை செய்ய முடியாது, உள்ள முகவரி அப்படியே வெளியே தெரியும். வளைகுடாவில் வேலை என்று சொல்லி வருகிற போலி மடல்கள் பிழைப்பது இதில்தான். லோகோ, முத்திரை, கையெழுத்து எல்லாம் நிஜக் கம்பனி மாதிரி. லோகோவை யாரும் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டலாம், அது அத்தாட்சி அல்ல. இணைப்பின் மேல் சுட்டியை வைத்தால், கைத்தொலைபேசியில் விரலை அழுத்திப் பிடித்தால், உண்மையான முகவரி தெரியும். வேலைக்கு ஆள் அனுப்புகிற முகவர் நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதை மடலில் உள்ள இணைப்பால் பார்க்காதீர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் தளத்துக்கு நீங்களாகவே போய்ப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. சில எச்டிஎம்எல் மடல்களில் ஒரு புள்ளியளவு படம் ஒளிந்திருக்கும். நீங்கள் மடலைத் திறந்ததும் அந்தப் படம் அனுப்பியவரின் கணனியிலிருந்து எடுக்கப்படும். அவருக்கு நீங்கள் திறந்தது, திறந்த நேரம் எல்லாம் தெரியும். 2013இல் ஜிமெயில் படங்களைத் தன் வழியாகவே எடுத்துக் கொடுக்கத் தொடங்கியது. 2021இல் அப்பிள் இன்னும் ஒரு படி போய், நீங்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கி, அனுப்பியவரைக் குழப்பிவிட்டது. மடலைத் திறந்ததுமே கெடுதல் செய்கிற வைரஸும் இருந்தது. 1999இல் பபிள்பாய் என்ற ஒன்று, இணைப்புக் கோப்பைத் தொடாமலேயே, எச்டிஎம்எல் மடலைத் திறந்த அளவிலேயே அவுட்லுக்கில் இயங்கியது. இன்றைய மடல் சேவைகள் அப்படியான கட்டளைகளை வெட்டி எறிந்துவிடுகின்றன.

சரி, என்ன செய்வது? கடிதத்தை யுனிகோடில் எழுதுங்கள். பிறகு வேண்டுமானால் அட்டவணை போடுங்கள், அரபு வரிக்குத் திசை சொல்லுங்கள். பெரும்பாலான மென்பொருள்கள் எச்டிஎம்எல் மடலோடு அதே கடிதத்தின் வெறும் எழுத்துப் பிரதியையும் ஒரே உறைக்குள் வைத்து அனுப்புகின்றன. பெறுகிறவரின் கருவி தனக்கு முடிந்ததைக் காட்டும். எழுத்து யுனிகோடாக இருந்தால் இரண்டு பிரதியிலும் தமிழ் தமிழாகவே இருக்கும். அலங்காரமே வேண்டாம் என்றால், கணனியில் ஜிமெயிலில் எழுதும் பெட்டியின் கீழே மூன்று புள்ளியை அழுத்துங்கள், வெறும் எழுத்துக்கு மாற்றுகிற தெரிவு இருக்கிறது.

பழைய பாமினிக் கடிதங்கள் வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு சொல். பாமினியை யுனிகோடாக்குகிற மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒட்டினால் நொடியில் மாற்றித் தரும். ஆனால் அவற்றுக்கு எது தமிழ், எது ஆங்கிலம் என்று தெரியாது. பாமினியில் ஆங்கிலக் காற்புள்ளியின் இடத்தில் இருப்பது 'இ'. ஆகவே வேறு பொன்ட்டில் போட்டிருந்த காற்புள்ளிகள் எல்லாம் 'இ' ஆகி, "கல்முனைஇ சாய்ந்தமருதுஇ நற்பிட்டிமுனை" என்று வந்து நிற்கும். செய்திகளில் கூட இதைக் கண்டிருப்பீர்கள். திகதிக்கு நடுவில் இருக்கிற சாய்கோடு ஆய்த எழுத்தாகும். இலக்கங்கள் தப்பிவிடும். ஆனால் பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் 'வி' என்று ஓர் ஆங்கில எழுத்து இருக்கிறதே, அது 'ஏ' ஆகிவிடும். விண்ணப்பத்தை அனுப்ப முன்னர் அந்த ஒரு எழுத்தைக் கையால் திருத்திவிடுங்கள்.